விதானையாரின் கோட்டும் அல்போன்சம்மாவும்

இன்றைக்கு நான் நெடுந்தீவை ஆண்டவரைச் சந்தித்தேன். தீவிலிருந்து திரும்பும் லோஞ்சிப் படகில், எனக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பழைய குடையை வைத்துக்கொண்டு இருந்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை ரைப் அடிக்கத் தொடங்கிவிட்டேன். கை இன்னும் உப்புக்காற்றில் பிசுபிசுக்கிறது. எழுத்துகள் முன்பின்னாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆறவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரத் தேசாதிபதிகளின் பெயர்களை வரிசையாகப் பாடமாக்கினோமே, நினைவிருக்கிறதா? யார் றோட்டுப் போட்டார், யார் வரி போட்டார், யார் எந்த ஆண்டு கப்பலேறினார்! பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்தும் விட்டோம். ஒரு ஊரை நாள்தோறும் ஆள்பவர் கொழும்பு மாளிகையில் இருப்பவர் இல்லை. மாடு பயிரை மேய்ந்தால், கல்வேலியில் கல் காணாமல் போனால், அண்ணனும் தம்பியும் கத்தியைத் தூக்கினால் எந்த வாசலுக்கு ஓடுகிறோமோ, அந்த வாசலில் இருப்பவர்தான் ஆள்பவர். அறுபத்துமூன்றாம் ஆண்டில் அரசாங்கம் அந்த முறையை எடுத்துவிடும் வரைக்கும் அவருக்கு விதானையார் என்று பேர்.

நெடுந்தீவு மேற்கில் விதானையாராக இருந்தவர் அம்புறோஸ். காலமாகிக் கன காலம். நான் சந்தித்தது அவருடைய மனைவியை. பேர் அல்போன்சம்மா, வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நெடுந்தீவை ஆண்டவர் என்று நான் சொன்னது அவரைத்தான்.

லோஞ்சி புறப்படுகிற நேரம் அவர் ஏறினார். அவருடைய றங்குப்பெட்டியை இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்து இறக்கினார்கள். இறக்கிவிட்டுப் போவார்கள் என்று பார்த்தால், ஒருவர் அந்தப் பெட்டிமேலேயே ஏறி இருந்துகொண்டார். மற்றவர் பக்கத்தில் நின்றார். லோஞ்சிக்காரர் கேட்டார்:

"உங்களுக்கு எங்கையப்பா பயணம்?"

"விதானையம்மா எங்கையோ அங்கை," என்றார் பெட்டிமேல் இருந்தவர். அவர் சில்வெஸ்ரர். நின்றவர் பரமலிங்கம். இருவரும் அயல் வளவுக்காரர். வழக்கு ஒரு கன்றுக்குட்டி.

"எணை, கன்று என்ரை பட்டியிலதான் பிறந்தது. அதாலதான் என்ரை குறியைச் சுட்டனான்," என்றார் சில்வெஸ்ரர்.

"பிறந்தது உன்ரை பட்டியிலதான். பெத்தது நீயோ? என்ரை பசுவெல்லோ!"

லோஞ்சி முழுவதும் சிரித்தது. அல்போன்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடி இருந்தார். நெடுந்தீவில் மாடுகள் வெளியில்தான் திரியும். தோலில் சுட்ட குறிதான் சாட்சி. பிறருடைய கன்றுக்குத் தன் குறியைச் சுட்டால் ஒரு தலைமுறைக்குப் பகைதான்.

"விதானையம்மா, ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோவன்," என்றார் பரமலிங்கம்.

"இல்லாட்டில் இதே லோஞ்சியில திரும்பி வந்து, கன்றைப் பாத்துச் சொல்லிப்போட்டு நாளைக்குப் போங்கோ," என்றார் சில்வெஸ்ரர். "ஒரு நாளில என்ன குடியே முழுகப்போகுது?"

அவர் அவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பி, என்னைக் கேட்டார். "பிள்ளை, நீர் எந்த ஊர்?"

"கரம்பொன்."

"அங்கை ஜசிந்தா எண்டு ஒரு ரீச்சரைத் தெரியுமோ?"

தெரியாமலா! எனக்கு நாலாம் வகுப்பில் படிப்பித்தவர். "நீங்கள் ஜசிந்தா ரீச்சற்றை அம்மாவோ?" என்று நான் கத்திவிட்டேன். அந்த முகத்தில் முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது.

"ஓம். அவளிட்டைத்தான் போறன், இருக்கிறதுக்கு. எத்தினையோ தரம் வெளிக்கிட்டனான். ஒருக்கா வாசல்படியில மறிச்சவை, ஒருக்கா கோயிலடியில மறிச்சவை. ஒருக்கா லோஞ்சி ஏறுற பாலத்தடிக்கே வந்திட்டன், அங்கை வைச்சு ஒருத்தன் தன்ரை மண்டையில ரத்தம் வடிய வடிய வந்து நிண்டான். பேந்தும் திரும்பிப் போனன். அவள் மூண்டு முறை எனக்கெண்டு அறை கூட்டித் துடைச்சு வைச்சவள். நாலாம் முறை வைக்கமாட்டாள்."

அலை தெறித்து முகத்தில் விழுந்ததை அவர் துடைக்கவில்லை.

"களைச்சுப்போனன், பிள்ளை. கால் களைச்சதெண்டால் நீட்டிக்கொண்டு இருக்கலாம். இது காது களைச்சுப்போச்சு."

குறிகட்டுவான் இறங்குதுறை வரும் வரைக்கும் அவர் சொன்னதுதான் இனி வருகிறது. இடையிடையே பின்னாலிருந்து "எணை, கன்று..." என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு. அம்புறோஸ் விதானையார் மாடுகளுக்குக் குறி சுடுகிற இடத்தில் நின்றபடியே விழுந்தார். பாரிசவாதம். வலக்கை போயிற்று, நாக்கும் போயிற்று. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, விறாந்தையில் அவருடைய கதிரையில் இருத்தினார்கள். அவருக்கு வேறு எங்கே இருந்தாலும் பிடிக்கவில்லை. ஜசிந்தா அப்போது பத்து வயதுப் பிள்ளை.

திரும்பி வந்த அடுத்த நாள் காலமை ஒரு மனுசன் வழக்கோடு வந்தார். வேலியால் ஆடு பாய்ந்த கதை. கதிரையைப் பார்த்து முழுவதையும் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றார். விதானையார் வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. அவருடைய கண் மட்டும் மனைவியைத் தேடுகிறது. அல்போன்சம்மா அடுப்பை விட்டு வந்து, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

"அந்தாள் என்ரை மனுசனை அப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டது எனக்குப் பொறுக்கேல்லை. என்ரை வாயால தானாய் வந்திட்டுது, 'அவர் சொல்லுறார், ஆட்டைப் பிடிச்சவன் ஆட்டைக் குடுக்கட்டாம், ஆட்டுக்காரன் வேலியை அடைக்கட்டாம்' எண்டு. அந்தாள் தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டுது."

"சொன்னது நீங்கள்தான் எண்டு வந்தவருக்குத் தெரியாதோ?"

"ஏன் தெரியாது? கண்ணில்லாதவனோ? எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியுமெண்டு எனக்கும் தெரியும்."

யோசித்துப் பாருங்கள்! ஒரு ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றியிருக்கிறது. வாய் பேச ஏலாத ஒருவரை அரசாங்கம் விதானையாராக வைத்திருக்காது. அவரை எடுத்தால் வெளியூரில் இருந்து ஒருவர் வருவார். யாருடைய மாடு எது, எந்தக் குடும்பத்துக்குள் எது பழைய காயம் என்று அவருக்குத் தெரியாது. ஊருக்கு அந்தப் பயம். அல்போன்சம்மாவுக்கு வேறு பயம். அந்தக் கதிரையை எடுத்தால் மனுசன் அன்றைக்கே செத்துப்போவார் என்று.

அதனால் வழக்கம் ஒன்று உண்டாயிற்று. வருகிறவர்கள் கதிரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். எப்போதும் "அவர் சொல்லுறார்" என்றுதான் தொடங்கும். கதவுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது மரியாதை.

அவருடைய தீர்ப்புகளில் ஒன்றை நீங்கள் இப்போதும் போய்க் கண்ணால் காணலாம். இரண்டு சகோதரர், நடுவில் ஒரு கல்வேலி. மழைக்குச் சரிந்து போயிற்று. உன் பக்கம்தான் சரிந்தது, நீதான் கல்லை எடுத்தாய் என்று பேச்சு வளர்ந்து கத்தி வரைக்கும் போயிற்று. கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "அவர் சொல்லுறார், வேலியை ரெண்டாய்ப் பிரிக்கட்டாம். அண்ணன்ரை பாதியைத் தம்பி கட்டட்டாம். தம்பியின்ரை பாதியை அண்ணன் கட்டட்டாம். பிழை இருந்தால் மற்றவர் காட்டட்டாம்." அவ்வளவுதான். ஒருவன் கட்டியதில் மற்றவன் பிழை பிடிப்பான் என்ற பயத்திலேயே இருவரும் கல்லைத் தேடித் தேடி அடுக்கியிருக்கிறார்கள். எத்தனை மாரி போயும் அந்த வேலி நிற்கிறது. இன்று காலையில்தான் நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், யாருடைய வேலை என்று தெரியாமலே! "அம்புறோஸ் விதானையார் கட்டுவிச்ச வேலி" என்றுதான் எனக்குக் காட்டினார்கள்.

பிறகு காரியாதிகாரி வந்த கதை. இதைச் சொல்லும்போது மட்டும் அல்போன்சம்மா சிரித்தார்.

டீ.ஆர்.ஓ. என்று சொல்லப்பட்ட அந்தக் காரியாதிகாரிதான் விதானையார்களுக்கு மேலதிகாரி. ஒரு ஆவணி மாதம், கிணறுகள் வற்றிய நிலைமையைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. ஊர் கூடிற்று. கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை பொறுப்பெடுத்தார். விதானையாருக்கு அவருடைய கறுப்புக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். தலைப்பா கட்டினார்கள். தொங்குகிற வலக்கையைக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார்கள். எல்லாம் செய்தார்கள், ஒன்றைத் தவிர. அவர் ஏன் பேசவில்லை என்பதற்கு என்ன சொல்வது என்று யாரும் யாரோடும் பேசி வைக்கவில்லை.

"என்ன விதானையார், சுகமோ?" என்றார் டீ.ஆர்.ஓ.

"அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு, ஐயா," என்றார் ஒருவர்.

அதே நேரம் இன்னொருவர், "பல்லுப் புடுங்கினவர், ஐயா," என்றார்.

பஸ்ரியாம்பிள்ளை இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, கோயில் குரலில், "தபசுகால மௌன நேத்தி, ஐயா," என்றார்.

டீ.ஆர்.ஓ. சைவக்காரர்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கச் சாமிமாரிடம் படித்து, அந்த நோன்புக்காலம் எப்போது வரும் என்று அறிந்தவர். "தபசுகாலம் மாசி பங்குனியில எல்லோ வாறது? இப்ப ஆவணியெல்லே?"

"ஓம் ஐயா. இந்த முறை தவறவிட்டிட்டார். அதைத்தான் இப்ப கட்டுறார்."

டீ.ஆர்.ஓ. கதிரையில் இருந்தவரைக் கனநேரம் பார்த்தார். பிறகு, எத்தனை கிணறு வற்றியது, எந்தப் பக்கத்துக்கு முதலில் தண்ணீர் வேண்டும் என்று அவரையே கேட்டார். குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவர் சொல்லுறார்..." டீ.ஆர்.ஓ. திரும்பவில்லை! கதிரையைப் பார்த்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கும் குரல் வந்தது. எல்லாம் முடிந்து எழும்பியபோது, வலக்கையைக் கேட்காமல், விதானையாருடைய இடக்கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

"மற்ற ஊர்களில விதானைமார் அரை மணித்தியாலம் கதைச்சும் ஒண்டும் விளங்கிறேல்லை. நீர் வாய் திறக்காமலே எல்லாத்தையும் வடிவாய்ச் சொல்லிப்போட்டீர்."

அந்த டீ.ஆர்.ஓ. மேலிடத்துக்கு எதையும் எழுதவில்லை. திரும்பி வரவும் இல்லை.

"அப்ப எல்லாம் நீங்கள் சொன்னதுதானே? அவர் ஒண்டுமே சொல்லேல்லையே?" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரமாக இருந்தது, ஒளிப்பானேன்? அந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றிலும் வேறொருவர் பேர் இருக்கிறது.

அல்போன்சம்மா குடையின் பிடியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"முழுக்கப் பொய்யில்லை, பிள்ளை. ஒருக்கா ஒரு கடற்தொழில்காரனை நான் கடுமையாய்த் தெண்டிக்கப் பாத்தன். அவன்ரை ஆடுகள் ஒரு தோட்டத்தைத் துப்பரவாய் மேய்ஞ்சிட்டுது. கதவுக்குப் பின்னாலை நிக்காமல் அண்டைக்கு நான் கோபத்தில முன்னுக்கு வந்திட்டன். அவர் இடக்கையால என்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தார். நான் குனிஞ்சு கண்ணைப் பாத்தன். அப்பத்தான் நினைவு வந்தது, அந்த மனுசன்ரை பிள்ளை செத்து மாசம் ஆகேல்லை. ஆட்டை ஆர் பாக்கிறது? நான் சொன்னன், 'அவர் வேண்டாமெண்டுறார்' எண்டு. அண்டைக்கு அவர்தான் சொன்னவர்."



அறுபத்துமூன்றில் விதானை முறை போயிற்று. பரீட்சை எழுதிய கிராம சேவகர்கள் வந்தார்கள். நெடுந்தீவு மேற்குக்கு வந்தவர் சோமாஸ்கந்தன், புளியங்கூடல் பொடியன், நல்லவர். அரசாங்கக் கந்தோரில் தனியாக இருந்து அலுத்துப்போய், கடைசியில் அவரே விதானையார் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, ஆற்றை மாடு எதெண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை. சனமும் என்னட்டை வருகுதில்லை."

"இஞ்சை வராதையுங்கோ எண்டு நான் சொல்லிப்போட்டன், தம்பி. கேட்டால்தானே."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"அந்த வாங்கிலை இரும். வாறவை உம்மையும் பாக்கட்டும்."

இருந்தார். மாற்றலாகிப் போகும் வரைக்கும் அந்த மர வாங்கில்தான் இருந்தாராம்.

அறுபத்தெட்டில் விதானையார் காலமானார். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது, யாரோ அந்தக் கறுப்புக் கோட்டைக் கொண்டுபோய்க் கதிரையில் விரித்துவிட்டிருந்தார்கள். அன்புக்குத்தான் செய்தார்கள். அடுத்த கிழமை ஒருவர் வழக்கோடு வந்து கோட்டைப் பார்த்துப் பேசினார்.

"நான் என்ன செய்ய? 'அவர் இருந்தால் இப்பிடிச் சொல்லுவார்' எண்டு சொன்னன். அது பிழை. அண்டைக்கே கோட்டை மடிச்சு வைச்சிருக்கவேணும்."

அதன் பிறகு எத்தனை கிராம சேவகர்கள் வந்து போனார்கள்! போன வருடம், எண்பத்தொன்றில், கிராம சபைகளும் போய்விட்டன. அந்த வாசல் மட்டும் மூடவில்லை. ஜசிந்தா படித்தார், ரீச்சரானார், கரம்பொனில் கலியாணம் முடித்தார். பேரப்பிள்ளை பிறந்தபோதுகூடத் தாயால் வர முடியவில்லை. அன்றைக்கு இரண்டு வள்ளக்காரர்களுக்கு இடையில் வலை அறுத்த வழக்கு. பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தாராம்.

"இப்ப எனக்கு ஒரு ஆசைதான் கிடக்கு. மழை பெய்யேக்கை, ஆற்றை வேலி விழப்போகுதெண்டு யோசியாமல் ஒருக்கா மழையைப் பாக்கவேணும்."

அப்போது லோஞ்சி குறிகட்டுவான் பாலத்தில் முட்டியது.

எல்லோரும் இறங்கினார்கள். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அதை விட்டால் பின்னேரம்தான் அடுத்தது. லோஞ்சியோ ஆட்களை ஏற்றித் திரும்பவும் நெடுந்தீவுக்குப் போகத் தயாராகிறது. பாலத்தில் இறக்கிய பெட்டிமேலும் சில்வெஸ்ரர் ஏறி இருந்துகொண்டார்.

"எழும்பும், சில்வெஸ்ரர்."

"முதல் சொல்லுங்கோ, எணை. சொன்னால் நானே தலையில தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில ஏத்துவன்."

பரமலிங்கம் கெஞ்சினார். "கன்றைக் கண்ணால பாத்தால் உங்களுக்கு உடனை தெரியும், அம்மா. வாங்கோவன். நாளைக்கு நாங்களே கொண்டுவந்து விடுறம்."

அல்போன்சம்மா லோஞ்சியைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அவர் இடுப்பிலிருந்து பெட்டித் திறப்பை எடுத்து நீட்டினார்.

"சரி. பெட்டியைத் திறவும்."

சில்வெஸ்ரர் எழும்பித் திறந்தார். பூச்சி உருண்டை மணம் அடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கறுப்புக் கோட்டு மடித்து இருந்தது. அல்போன்சம்மா அதை எடுத்து உதறினார். என்னால் நம்ப ஏலவில்லை, கோட்டைக் கண்டதும் அந்த இரண்டு பேரும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக நின்றார்கள்!

அவர் கோட்டைப் பரமலிங்கத்தின் கையில் வைத்தார்.

"இவர்தான் உங்கடை விதானையார். கூட்டிக்கொண்டு போங்கோ. கதிரை அங்கைதான் கிடக்கு."

"கோட்டு எங்கையணை கதைக்கப்போகுது?" என்றார் சில்வெஸ்ரர்.

"அத்தினை வருசம் அவரும் கதைக்கேல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

பரமலிங்கம் மெல்லக் கேட்டார். "அப்ப கன்றுக்கு... அவர் என்ன சொல்லுறார்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்லுறன்."

பாலத்தில் நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இத்தனை காலத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அந்த இரண்டு பேரும் கேட்டதில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"நான் போறன்."

குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். நான் பெட்டியைப் பூட்டி, லோஞ்சிக்காரரோடு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தும் அவர் வெளியே பார்க்கவில்லை.

"என்ன செய்யிறாங்கள், பிள்ளை?" என்று என்னைத்தான் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். லோஞ்சியில் பலகை ஈரமாக இருந்தது. சில்வெஸ்ரர் தன் துவாயைப் பலகைமேல் விரித்துக்கொண்டு இருந்தார். பரமலிங்கம் கோட்டின் கைகளை உள்ளே மடித்து, அதன்மேல் மெதுவாக வைத்தார்.

"கோட்டை மடிக்கிறாங்கள்."

"சண்டை பிடிக்கிறாங்களோ?"

"இல்லை. ரெண்டு பேரும் சேந்துதான் மடிக்கிறாங்கள்."

"அப்ப கன்று தப்பிச்சுது," என்றார். பஸ் புறப்பட முதலே கண் மூடிவிட்டார். நாங்கள் இறங்க வேண்டிய ஊர்காவற்றுறை வரும் வரைக்கும், வாய் திறந்தபடி, அப்படி ஒரு நித்திரை.

ஜசிந்தா ரீச்சர் வாசல் படலையில் நின்றார். அறை நாலாம் முறையும் கூட்டித்தான் இருந்தது.

கரம்பொனிலும் அயலிலும் இருக்கிறவர்களே, ஒருமுறை போய் அல்போன்சம்மாவைப் பாருங்கள். சந்தையில் என்ன மீன் வந்தது, எந்தக் கோயிலில் கொடியேறுகிறது என்று கதையுங்கள். அவர் நித்திரையென்றால் சத்தம் போடாமல் திரும்பி வாருங்கள். வழக்கு மட்டும் ஒன்றும் கொண்டு போகாதீர்கள், சின்னதாக இருந்தாலும். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அந்தக் கல்வேலியைப் பாருங்கள். அம்புறோஸ் விதானையார் கட்டுவித்தது என்று யாராவது காட்டினால், ஓம் என்று சொல்லி, அல்போன்சம்மா என்ற பேரையும் கூடச் சொல்லுங்கள். வாசித்து முடிந்ததும் இந்தத் தாளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.